கப்பலேறிய தாயும் கரையிற் பிறந்த மகளும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆண்மகனையே நடுவில் நிறுத்தி எழுதினர். காடழித்தவன், தண்டவாளம் பதித்தவன், சங்கம் கண்டவன், சிறை சென்றவன் என அவன் பல வடிவங்களில் அவ்வேடுகளில் உலவுகின்றான். பெண்ணோ, குடிக்கணக்கு அட்டவணையில் ஓர் எண்ணாக நுழைந்து, எண்ணாகவே வெளியேறி விடுகின்றாள். அவள் இந்நாட்டிற்கு எதைக் கொண்டு வந்தாள், தன் வயிற்றிற் பிறந்த மகளிடம் எதை எதிர்பார்த்தாள், அம்மகள் அந்த எதிர்பார்ப்பை எவ்வாறு சுமந்தாள் என்னும் வினாக்கள் வரலாற்றுக்கு உரியனவாகவே கருதப்படவில்லை. அவை வீட்டுக்குள் நடப்பவை என்று ஒதுக்கப்பட்டன. ஆயினும் வீட்டுக்குள் நடந்தவற்றின் வேர்கள் கூலி விகிதத்திலும், பள்ளிச் சட்டத்திலும், குடியுரிமைத் தாளிலும் ஓடிக் கிடப்பதைக் காணும்போது, அவற்றை வெறும் குடும்பச் செய்தி என்று தள்ளுதல் இயலாது.

தொடக்கக் காலத்தில் இங்கு வந்த தமிழருள் பெண்கள் மிகச் சிலரே. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியருள் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ 300 பேர்தாம். இருபது ஆண்டுகள் கழித்து, 1931இல், அத்தொகை ஏறத்தாழ 480ஆக உயர்ந்தது. சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின், கங்காணிகள் தம் சொந்த ஊருக்குச் சென்று உற்றார் உறவினரைக் குடும்பமாகத் திரட்டி வந்ததே இவ்வுயர்வுக்குத் தலையாய காரணமாகும். சேலம், திருச்சி, தஞ்சை, ஆர்க்காட்டுச் சீமைகளிலிருந்து புறப்பட்டோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். வந்த பெண்கள் எல்லோரும் கணவன் பின்னே வந்தவர் என்று எண்ணிவிடலாகாது. கைம்பெண்கள் வந்தனர், கணவனால் கைவிடப்பட்டோர் வந்தனர், ஊரார் ஏற்காத மணத்தைச் செய்துகொண்டு, ஊரை விட்டே ஓடிவந்தவர்களும் இருந்தனர். கடல் தாண்டுதல் பாவம் என்று கருதப்பட்ட காலத்தில் கடலைத் தாண்டியவள், தன் ஊரின் சட்டத்தை ஏற்கெனவே ஒருமுறை மீறியவள் ஆவாள். பின்னாளில் தன் மகள் வாசற்படி தாண்டுவதற்கு அவளே தடை சொன்னாள் என்பதை நோக்கும்போது, இச்செய்தியை மறவாதிருத்தல் நன்று.

தோட்ட முதலாளிகள் பெண்களை வரவேற்றதற்குக் கருணை காரணமன்று. குடும்பமுள்ள தொழிலாளி இலகுவில் தோட்டம் மாறான். அவன் பிள்ளைகளும் நாளைக்கு அதே தோட்டத்திற்குக் கைகளாவர். அன்றியும், பெண்ணின் கூலி குறைவு. 1928ஆம் ஆண்டளவில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் ஆகும். உலக மந்தம் ரப்பர் விலையை வீழ்த்திய 1930இல் இவை 40, 32 எனச் சுருங்கின. ஒரே நிரையில், ஒரே மழையில், ஒரே வகை மரத்தை வெட்டியவளுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பகல் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின் அடுப்பு, தண்ணீர், விறகு, பிள்ளை என்று தொடங்கிய அவளது இரண்டாவது வேலைக்குக் கூலி என்ற ஒன்றே கிடையாது.

விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடி, பெயர் கூப்பிட்டதும் காண்டாவைத் தோளிலிட்டுக்கொண்டு இருட்டில் வெட்டுக்காட்டுக்குள் நுழைந்த அந்தப் பெண்ணுக்கு, நிலமோ வீடோ சொந்தமில்லை. லயத்து அறையே தோட்டத்துக்குரியது. வேலை போனால் கூரையும் போகும். சீட்டுக் கட்டிச் சேர்த்த ஒன்றிரண்டு பவுன் நகை ஒன்றே அவள் பெயரால் நின்ற சொத்து. இந்நிலையில், தான் எண்ணியபடி ஆக்கவல்லதாக அவள் கையில் மிஞ்சியது மகளின் வாழ்வே. ஆகவே தன் ஆசை அனைத்தையும் அங்கே கொட்டி வைத்தாள். பால் வெட்டும் கத்தி மகள் கைக்கு மாறக்கூடாது என்பது அவ்வாசையின் முதற்பாதி. ஊரில் தன் தாய் வாழ்ந்த ஒழுங்கில், தன் குலத்தார் குறை சொல்லாத வகையில் மகள் வாழ்க்கைப்பட வேண்டும் என்பது மறுபாதி. இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன என்பது அவளுக்குத் தெரியவில்லை என்று சொல்வதைவிட, தெரிந்துகொள்ள அவளுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

கத்தியைப் பிடிக்காமல் வாழ வேண்டுமானால் எழுத்துக் கற்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறார் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டுமெனப் பணித்தது. சட்டம் பணித்ததைத் தோட்டங்கள் தமக்கியன்ற மலிவில் செய்தன. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே இடத்தில் என்பதே பல தோட்டங்களின் பள்ளி. சில இடங்களில் கிராணியாரோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியரும் ஆனார். போருக்கு முன்னர் நான்காம் வகுப்போடு பெரும்பாலும் படிப்பு முடிந்தது. அதற்குள்ளும் பெண் பிள்ளைகளின் வருகை குறைவே. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஒரு கை வேண்டும். காடு சென்ற தாய் திரும்புமுன் உலை வைக்க ஒரு கை வேண்டும். சற்று வளர்ந்தால் மங்குகளைத் துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் அதே கை வேண்டும். மகள் படிக்க வேண்டுமென்று விரும்பிய தாயே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்த நேர்ந்தது. இதனைத் தாயின் அறியாமை என்று குற்றஞ்சாட்டிய சீர்திருத்தப் பேச்சாளர் அக்காலத்தில் பலர் இருந்தனர். 40 காசுக் கூலியில் அறியாமைக்கு எவ்வளவு பங்கு, வறுமைக்கு எவ்வளவு பங்கு என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆசை ஊமையாய் இருந்துவிடவில்லை என்பதற்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம் சான்று. ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டுமன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை ஆகியனவும் இருந்தன. தோட்ட அதிகாரிகள் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மகளை வெளியே அனுப்பத் தாய் அஞ்சியதற்கு இக்கோரிக்கை ஒன்றே போதிய விளக்கமாகும். அவள் காத்தது ஊர்க் கட்டுப்பாட்டை மட்டுமன்று. வேலைநிறுத்தம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நகரத்துத் தமிழரின் கதை வேறாக இருந்தது. சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு சோபியா பிளாக்மோர் என்னும் சமய ஊழியர், தமிழ் வணிகர் சிலரின் ஆதரவோடு ஒரு கடை வீட்டில் பெண் பள்ளியைத் தொடங்கியபோது, அதன் முதல் மாணவியர் ஒன்பது தமிழ்ச் சிறுமியரே. இன்று மெதடிஸ்டு பெண்கள் பள்ளி எனப் பெயர் பெற்று விளங்குவது அப்பள்ளியே. எழுத்தராகவும் இரயில்வே அலுவலராகவும் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழரும், வணிகம் செய்தோரும் தம் புதல்வியரை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பலாயினர். அங்கும் எதிர்பார்ப்பு உயர்ந்தே நின்றது. அதன் உருவந்தான் வேறு. பியானோவும் ஆங்கிலமும் வேண்டும். அவற்றோடு குலமும் சீதனமும் குன்றாத மணமும் வேண்டும். லயத்து மகளுக்கும் பங்களா மகளுக்கும் இடையே தமிழ் ஒன்றைத் தவிரப் பொதுவாக ஏதுமில்லை என்றே இரு சாராரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை உடைத்தது போர்.

1943ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த நேதாஜி சுபாஸ் சந்திர போஸ், பெண்களும் படை சேர வேண்டுமென்று அழைத்தார். சென்னையிலிருந்து 1940இல் வந்து சிங்கப்பூரில் மருத்துவம் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் சில நாட்களிலேயே இருபது பெண்களைத் திரட்டிச் சேலை கட்டிய கோலத்தில் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை அளிக்கச் செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. வந்து சேர்ந்த நங்கையருள் மிகப் பலர் தமிழர். அவர்களுள்ளும் கணிசமானோர் தோட்டத்துப் பெண்கள். ஆங்கிலப் பள்ளி மாணவியும் பால் வெட்டும் பெண்ணும் ஒரே கொட்டகையில் உறங்கி, ஒரே உணவை உண்டு, ஒரே காற்சட்டையை உடுத்தினர். குலம் பார்த்துத் தனிச் சமையல் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இவர்கள் ஏன் சென்றனர்? விடுதலை வேட்கையே காரணம் என்பது மேடை வரலாறு. அது பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. சப்பானியர் ஆட்சியில் தோட்டங்களில் அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஆடவர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாது போயினர். கட்டாய மணமும் பசியும் அவமதிப்பும் சூழ்ந்த லயத்தைவிட முகாம் பாதுகாப்பானது என்று கருதிய பெண்களும் இருந்திருப்பர். அதனால் அவர்களின் துணிவு சிறிதும் குறைந்துவிடுவதில்லை. பெண் என்றால் ஒருவனுக்கு மகள், பின்னர் ஒருவனுக்கு மனைவி என்றிருந்த உலகத்தில், எண்ணும் பதவியும் பெற்ற ஒரு வீராங்கனையாகத் தன் பெயரைத் தானே சொல்லும் வாய்ப்பு அவளுக்கு முதன்முறையாகக் கிட்டியது.

பெற்றோர் இணக்கம் எளிதில் கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் 1925இல் பிறந்த ஜானகி தேவர், தம் நகையைக் கழற்றி நேதாஜியின் நிதிக்குக் கொடுத்தவர். படையிற் சேர அவர் விழைந்தபோது தந்தையார் மறுத்தார். பின்னரே இசைந்து கையொப்பமிட்டார். ஈப்போவில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இராசம்மா நவரத்தினமும் அவர்தம் தமக்கையும் தாயின் ஒப்புதலோடு சென்றனர். இராசம்மாவுக்கு அப்போது வயது பதினாறு. இரண்டு புதல்வியரைப் போர்முனைக்கு அனுப்ப உடன்பட்ட அந்தத் தாயின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எந்த ஆவணமும் பதிந்து வைக்கவில்லை. ஆனால், புலம்பெயர்ந்த தாய் மகளை அடைத்தே வைத்தாள் என்ற பொதுக் கூற்றுக்கு அவ்வொப்புதல் ஒரு மறுப்பாகும்.

இங்கு ஒரு முரணைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. தாய்நாடு என்ற சொல்லை அந்நங்கையர் முழங்கினர். அவர்களுள் பெரும்பாலோருக்கு அது சொல்லளவிலும் உண்மையாகவே தாயின் நாடு. அவர்கள் பிறந்த நாடன்று. இந்திய மண்ணை ஒருமுறையும் மிதியாத மலாயாப் பெண், தமிழ் தவிர வேறறியாதவள், உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்துத்தானிக் கட்டளைகளை மனப்பாடம் செய்து, பர்மா வரை சென்றாள். தன்னைத் தேடப் புறப்பட்டவள் தாயின் நினைவுக்குள்ளேதான் முதலில் தேட வேண்டியிருந்தது. 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்கித் திரும்பியபோது, தான் விட்டுச் சென்ற மலாயாவே தனக்குரிய மண் என்பதை அவள் கண்டாள்.

ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கப் பணிகளில் ஈடுபட்டார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டு, மலேசிய மேலவை உறுப்பினராகவும் விளங்கி, 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்று, 2014இல் மறைந்தார். இராசம்மா, சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று ஆசிரியையானார். இராசம்மா பூபாலன் என்ற பெயரில் 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் தலைவியாகி, ஆணுக்குச் சமமான ஊதியம் பெண்ணுக்கும் வேண்டும் என்று போராடினார். அப்பத்தாண்டு முடிவதற்குள் அரசாங்கப் பணியில் அக்கொள்கை ஏற்கப்பட்டது. 50க்கு 40 என்று தோட்டத்தில் விதிக்கப்பட்ட கணக்கு வகுப்பறையிலும் வேறு உருவில் நிலவியிருந்தது என்பதையும், அதனை எதிர்த்தவர் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஒரு பெண் என்பதையும் வரலாறு படிப்போர் இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

படை திரும்பிய தோட்டத்து மகளின் கதை இத்துணை ஒளியுடையதன்று. அவர்களுட் பலர் அதே லயத்துக்கு, அதே பெரட்டுக்கு மீண்டனர். கத்தியே மறுபடியும் கைக்கு வந்தது. அவர்களின் பெயர்கள் மேடைகளில் ஒலிக்கவில்லை.

போருக்குப்பின் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் வகுப்பு வரை உயர்ந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்றது. தாயின் எதிர்பார்ப்பு இப்பொழுது தெளிவான வடிவம் கொண்டது. மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆகலாம், தாதி ஆகலாம், அலுவலகத்தில் தட்டெழுத்துப் பணி செய்யலாம். ஆனால், ஆறாம் வகுப்புக்கு அப்பால் இருந்த பாதையைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1964 வரை இடைநிலைப்பள்ளி புகத் தேர்வு ஒன்று தடையாய் நின்றது. அத்தடை நீங்கிய பின்னும், தமிழ்ப்பள்ளி மாணவி நேரே முதற்படிவம் புகல் ஆகாது. மொழி கற்கப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர வேண்டும். அப்பள்ளி தோட்டத்தில் இல்லை. செம்மண் சடக்கைக் கடந்து, பேருந்து ஏறிப் பட்டணம் செல்ல வேண்டும். இவையெல்லாம் அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகும்போது நேர்ந்தன. அதே வயதில்தான் வீட்டில் சடங்கு நடந்தது. சடங்கான பெண்ணைத் தனியே பேருந்தில் அனுப்புவதா என்று உறவு கேட்டது. மகளின் படிப்புக்காக நகையை அடகு வைக்கவும் துணிந்திருந்த தாய், உறவின் அக்கேள்விக்கு முன் தளர்ந்தாள். ஆசையின் இரு பாதிகளும் மோதிய இடம் இதுவே. எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு நின்ற வயதும் இதுவே. கல்வித் திட்டத்தை வகுத்தோர் இவ்வயதுப் பொருத்தத்தை எண்ணிப் பார்த்திருந்தால், தோட்டத்திற்கு அருகே ஒரு புகுமுக வகுப்பையேனும் வைத்திருப்பர்.

தடையைத் தாண்டிச் சென்றவளுக்கு வேறு வகைத் துன்பம் காத்திருந்தது. பட்டணத்துப் பள்ளியில் அவள் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்திலோ படிப்புக் கண்டதால் மாறிப்போனவள். ஆங்கிலமும், 1970க்குப் பின்னர் படிப்படியாக மலாயும் அவளது பாடமொழிகளாயின. தாய்க்கு அவ்வேட்டின் ஒரு வரியும் புரியாது. தமிழகம் சென்றால் மலாயாக்காரி என்றனர். அடையாள அட்டையில் அவள் பெயரை அடுத்து, இன்னாருடைய மகள் என்று தந்தையின் பெயர் நிற்கும். பெற்று, வளர்த்து, பள்ளிக்கு அனுப்பியவளின் பெயருக்கு அவ்வட்டையில் இடமில்லை.

அட்டையின் நிறமும் ஒரு பிரிவினையைச் செய்தது. விடுதலை நாளிலும் அதன் பின்னரும் இங்குப் பிறந்த மகள் பிறப்பினால் குடிமகள் ஆனாள். தமிழகத்தில் பிறந்த தாய் மனுச் செய்து பெற வேண்டும். எழுத்தறியாமையாலும், எடுத்துச் சொல்வாரின்மையாலும், ஊர் திரும்பும் எண்ணம் உள்ளத்தின் ஓரத்தில் கிடந்தமையாலும் மனுச் செய்யாதிருந்தோர் பலர். அவர்கள் கையில் சிவப்பு அட்டையே தங்கிற்று. 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதித் தாள் பெற வேண்டுமென்ற விதி வந்தபோது, அவர்களின் வேலை பறிபோயிற்று. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. அவர்களுட் பலரை ஏற்றிச் சென்ற ரஜூலாக் கப்பல், 1926இலிருந்து ஓடியது. ஒருகால் அதே கப்பலில் வந்திறங்கியோரும் அவர்களுள் இருந்தனர். சில குடும்பங்களில் தாய் கப்பலேற, மணமான மகள் கரையிலேயே நின்றாள். எந்த ஊரின் ஒழுங்கைச் சொல்லித் தாய் அவளை வளர்த்தாளோ, அவ்வூர் தாய்க்கே இப்போது அயலாகியிருந்தது.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் கோலாலம்பூரை அடுத்த சுங்கைவேயிலும் தடையற்ற வணிக வட்டாரங்கள் திறக்கப்பட்டன. மின்னணுப் பொருள் தொழிற்சாலைகள் இளம் பெண்களைத் தேடின. அருகிலிருந்த தோட்டங்களிலிருந்தும் தமிழ்ப் பெண்கள் தொழிற்சாலைக்குச் செல்லத் தொடங்கினர். தாய் எதிர்பார்த்த ஆசிரியைப் பணியன்று, எனினும் கத்தியுமன்று. சம்பளம் தந்தையின் கணக்கில் சேராமல் மகளின் கைக்கே வந்தது. இரவு முறை வேலைக்கு மகள் போவதை எண்ணி முணுமுணுத்த தாய்மார், அப்பணத்தில் வந்த தையல் இயந்திரத்தையும் தம்பிமாரின் பள்ளிச் செலவையும் மறுக்கவில்லை. பெண்ணின் உழைப்பை மலிவாகக் கொள்ளும் பழைய வழக்கம் புதிய கட்டடத்துக்குள் குடியேறிற்று என்பதும் மெய்யே.

மணத்தின் நிலையும் இக்காலத்தில் மாறிற்று. தோட்டங்களில் நடந்த மணங்கள் பல எந்த ஏட்டிலும் பதியப்பெறாதவை. கணவன் மறுத்தால், தாலி ஒன்றைத் தவிரச் சான்று ஏதும் பெண்ணிடம் இராது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் இதனைச் சீர்செய்தது. மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதும், பதிவும், மணமகளின் வயது வரம்பும் முசுலிம் அல்லாதாருக்குக் கட்டாயமாயின. பெரட்டு ஏட்டில் கைநாட்டு வைத்தவளின் மகள் பதிவதிகாரியின் முன் தன் பெயரை எழுதினாள். இருபத்தொரு வயது நிரம்பியவளாயின் அவளுக்கு எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை. நிரம்பாதவளாயின், தந்தை எழுத்தால் ஒப்புதல் தர வேண்டுமென அச்சட்டம் விதித்தது. தந்தை உயிரோடில்லாதபோதே தாயின் ஒப்புதல் கேட்கப்பட்டது.